‘எழுத்தால்’ தொகை: நானே எழுதிய ஃபங்ஷன் 10 வரியில் ஓடுகிறது, 800 வரியில் திணறுகிறது (கூகுள் ஷீட்ஸ்)

மண்டிக்கணக்கு எழுதியது:

வணக்கம். திருச்சி பக்கம் ஒரு வாழைத்தார் கமிஷன் மண்டியில் கணக்கு பார்க்கிறேன். விவசாயிக்குக் கொடுக்கும் பட்டியல் எல்லாம் இப்போது கூகுள் ஷீட்ஸில்தான். ஒரு பட்டியலுக்கு ஒரு வரி. தேதி, பெயர், ரகம் (பூவன், ரஸ்தாளி, நேந்திரன், கற்பூரவல்லி), எத்தனை தார், விற்ற தொகை, அதில் கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை, முன்பணம் எல்லாம் போக எல் நெடுவரிசையில் நிகரத் தொகை. அதற்கு அடுத்த எம் நெடுவரிசையில் ‘எழுத்தால்’. எங்கள் முதலாளிக்கு எல்லாவற்றையும் விட அந்தக் கட்டம்தான் முக்கியம். எண்ணை மட்டும் போட்டுக் கொடுத்தால் பின்னால் ஒரு சைபர் முளைத்துவிடும் என்பார். அவர் அனுபவம் அவருக்கு.

இதுவரை கையால் அடித்துக்கொண்டிருந்தேன். சீசனில் முடியவில்லை. ஷீட்ஸுக்கு நிரல் எழுத கூகுள் தரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் கொஞ்சம் படித்து, 48,975 கொடுத்தால் ‘நாற்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து’ என்று திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்றை எழுதிவிட்டேன். தனியாகச் சோதித்தபோது அருமையாக வந்தது. முதல் 10 வரிக்கு இழுத்தேன், அதுவும் சரி. மொத்த 800 வரிக்கும் இழுத்ததும் பாதிக் கட்டங்களில் ‘லோடிங்’ என்று நிற்கிறது. சில கட்டங்களில் பிழை; மேலே சுட்டியை வைத்தால், குறுகிய நேரத்தில் அதிக தடவை அழைத்துவிட்டாய் என்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வேறு கட்டங்களில் பிழை, முன்பு பிழை காட்டியவை சரி. எதை நம்பிப் பட்டியல் கொடுப்பது?

இரண்டாவது தொல்லை. பட்டியலை அச்சிட்டதும் பக்கத்துக் கட்டத்தில் அன்றைய தேதி தானாக விழட்டும் என்று அதே ஃபங்ஷனுக்குள் ஒரு வரி சேர்த்தேன். ‘செட்வேல்யூ’வை (கட்டத்தில் எழுதும் கட்டளை) அழைக்க உனக்கு அனுமதி இல்லை என்று வருகிறது. ஷீட் என்னுடையது, ஸ்கிரிப்ட்டும் என்னுடையது. யாரிடம் அனுமதி வாங்குவது?

மூன்றாவது, பணம் கொடுத்து முடித்த வரிகளுக்கு நான் மஞ்சள் அடிப்பேன். மஞ்சளை மட்டும் கூட்டும் ஃபங்ஷன் ஒன்றை இணையத்தில் பார்த்து எடுத்துப் போட்டேன். முதல் தடவை சரியான தொகை சொல்கிறது. அப்புறம் எத்தனை வரிக்கு மஞ்சள் அடித்தாலும் பழைய தொகையிலேயே உட்கார்ந்திருக்கிறது. இப்போதைய நேரத்தைத் தரும் ‘நவ்’ ஃபங்ஷனை உள்ளே கொடுத்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று ஒருவர் சொன்னார். கொடுத்தேன், பழைய தொகையும் போய்விட்டது.

என் கோடில் (நிரலில்) கோளாறா, இல்லை கூகுள் இப்படித்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சதுரக்கட்டம் எழுதியது:

தம்பி, கோடில் பெரிய கோளாறு இருக்காது. ஒரு நூற்பாலைக் கணக்குப் பிரிவில் இதே கூத்துகளை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் கேட்டது மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும் வேர் ஒன்றுதான். கட்டத்துக்குள் சமக்குறி போட்டு அழைக்கும் ஃபங்ஷனுக்கு என்ன தெரியும், எது தெரியாது என்பது பிடிபட்டால் மீதி தானாக வந்துவிடும்.

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். நீங்கள் சீட்டில் எண் எழுதி நீட்டுகிறீர்கள், அவர் விடை எழுதித் திருப்பித் தருகிறார். அந்தச் சீட்டு எந்த வரியிலிருந்து வந்தது, அந்தக் கட்டம் என்ன நிறம், எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் எழுந்து வந்து உங்கள் பேரேட்டில் தேதி எழுதவும் மாட்டார். இன்னொன்று, ஏற்கெனவே விடை சொன்ன சீட்டையே மறுபடி நீட்டினால் அவர் புதிதாகக் கணக்குப் போடமாட்டார். பழைய விடையையே எடுத்து நீட்டுவார்.

இப்போது உங்கள் 800 வரி. ஸ்கிரிப்ட் உங்கள் கணினியில் ஓடுவதில்லை, கூகுளின் சர்வரில் ஓடுகிறது. 800 கட்டத்தில் ஃபங்ஷன் இருந்தால் 800 முறை தனித்தனியாக அங்கே போய்த் திரும்ப வேண்டும். உங்கள் கணக்கு ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குகூட எடுக்காது, போய்வருகிற நேரம்தான் கொல்கிறது. அதற்கும் மேலே, ஒரு அழைப்பு 30 விநாடிக்குள் முடிய வேண்டும், குறைந்த நேரத்தில் எத்தனை அழைப்பு என்பதற்கும் வரம்பு உண்டு. உங்களுக்கு வந்த பிழை இரண்டாவது வகை. அதனால்தான் இடம் மாறி மாறி வருகிறது. எந்தச் சீட்டு எப்போது உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது அது.

வழி சுலபம். 800 சீட்டு நீட்டாமல் 800 எண்ணையும் ஒரே சீட்டில் எழுதி நீட்டுங்கள். எல்2 என்று ஒரு கட்டத்தைக் கொடுத்தால் ஃபங்ஷனுக்கு ஒரு எண் போகிறது. எல்2 முதல் எல்801 வரை என்று கொடுத்தால் இரட்டை அடுக்கு வரிசை ஒன்று போகிறது: வெளியே ஒரு பெரிய அர்ரே, உள்ளே ஒவ்வொரு வரிக்கும் ஒரு குட்டி அர்ரே. ஃபங்ஷனின் முதல் வரியில், வந்தது அர்ரேயா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் ‘மேப்’ கொண்டு ஒவ்வொரு வரிக்கும் உங்கள் பழைய ஃபங்ஷனையே ஓடவிட்டு, அதே வடிவத்தில் அர்ரேயாகத் திருப்பித் தாருங்கள். இல்லை என்றால் பழையபடி ஒற்றை விடை. எம்2-இல் மட்டும் சூத்திரம். கீழே உள்ள 799 கட்டத்தையும் அந்த விடையே பரவி நிரப்பிக்கொள்ளும். அழைப்பு ஒன்றே ஒன்று.

இங்கே கவனம்: காலிக் கட்டம் உள்ளே போகும்போது சைபராகப் போகாது, வெற்று எழுத்துச்சரமாகப் போகும். அதை முதலில் சோதித்து வெற்றையே திருப்பித் தராவிட்டால், ஆள் இல்லாத வரிகளில் எல்லாம் ‘பூஜ்ஜியம் மட்டும்’ என்று வந்து நிற்கும்.

அப்புறம், கோடு எழுதுவது பற்றி ஒரு யோசனை. தமிழ் எண்ணுப்பெயரில் புணர்ச்சி விதியை ஸ்கிரிப்ட்டில் கட்டிக்கொண்டு அழாதீர்கள். ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை 99 சொல்லையும் பட்டியலாகவே எழுதிவிடுங்கள். அரை மணி நேர வேலை, தப்பு வராது. நூறுகளுக்கு ஒன்பது சொல் (எண்ணூறுக்கு அடுத்து தொள்ளாயிரம் என்பதை எந்த விதியாலும் கொண்டுவர முடியாது). ஆயிரங்களுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு. அந்த 99 சொல்லும் உகரத்தில்தான் முடிகின்றன. ‘இருபத்தைந்து’ என்ற சரத்தில் கடைசி ஒன்றை வெட்டு என்று ஜாவாஸ்கிரிப்ட்டிடம் (ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டின் மொழி அதுதான்) சொன்னால் அது ‘து’வை வெட்டாது, அதன் உகரக் குறியை மட்டும் வெட்டும். மற்ற இடங்களில் எரிச்சலூட்டும் அந்தக் குணம் இங்கே நமக்கு வசதி. மிச்சத்தோடு துணைக்காலில் தொடங்கும் ‘ாயிரம்’ என்ற துண்டை ஒட்டினால் ‘இருபத்தைந்தாயிரம்’. விதிவிலக்கு ஆயிரம், மூவாயிரம், ஐயாயிரம், அப்புறம் பதினோராயிரம், இருபத்தோராயிரம் என்று ஒன்றில் முடிகிறவை. பின்னால் மிச்சத் தொகை இருந்தால் ‘ம்’ போய் ‘த்து’ வரும், நூறின் ‘று’ போய் ‘ற்று’ வரும். லட்சத்துக்கும் அதே விதிதான்.

உங்கள் தேதி விஷயம். அனுமதி யாரிடமும் வாங்க முடியாது. கட்டத்திலிருந்து அழைக்கப்படும் ஃபங்ஷன் வேறு கட்டத்தைப் படிக்கலாம், எழுத முடியாது. கூகுள் மட்டும் இப்படி இல்லை, எக்ஸெலிலும் இதே சட்டம்தான். யோசித்துப் பார்த்தால் நியாயமும்கூட. எந்தக் கட்டம் எதை நம்பியிருக்கிறது என்று பார்த்துத்தான் ஷீட் கணக்குப் போடும் வரிசையை முடிவு செய்கிறது. நடுவில் ஒரு ஃபங்ஷன் போய் வேறு கட்டத்தை மாற்றினால் அந்த மாற்றம் இன்னொன்றைக் கிளப்பும், அது திரும்ப இதையே கிளப்பும், முடிவே இருக்காது.

எழுதுவதற்கு வேறு வாசல் இருக்கிறது. ‘ஆன்எடிட்’ என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்தால், யாராவது கையால் ஒரு கட்டத்தை மாற்றும்போது அது தானாக ஓடும். அதற்கு எழுதும் உரிமை உண்டு. ஆனால் அச்சிடுவதை அறிய ஷீட்ஸில் எந்த நிகழ்வும் கிடையாது. ஆகவே ‘அச்சிட்டாச்சு’ என்று ஒரு செக்பாக்ஸ் நெடுவரிசை வையுங்கள். டிக் போட்டால் பக்கத்தில் தேதி விழும். அந்தக் கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் தொடாதே என்று ஒரு நிபந்தனை போடுங்கள், இல்லையென்றால் யாராவது டிக்கை எடுத்து மறுபடி போட்டால் பழைய தேதி அழிந்துவிடும். ஸ்கிரிப்ட் ஓட மெனுவோ படத்தில் வைத்த பட்டனோ வைக்கலாம், ஆனால் மொபைல் ஆப்பில் அவை வேலை செய்யாது. செக்பாக்ஸும் ஆன்எடிட்டும் மொபைலிலும் ஓடும். மண்டியில் பாதி வேலை ஃபோனில்தானே நடக்கும்?

மஞ்சள். நீங்கள் எடுத்துப் போட்ட ஃபங்ஷனில் கட்டங்களின் முகவரியை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுத்திருப்பீர்கள், சரிதானே? நிறம் சீட்டில் போகாது என்பதால் முகவரியைக் கொடுத்து உள்ளே போய்ப் படிக்க வைக்கும் தந்திரம் அது. சீட்டில் உள்ளது அந்த முகவரி எழுத்து மட்டும். அது மாறவே இல்லை, ஆகவே விடையும் மாறாது. நிறம் மாறுவதை ஷீட் கணக்கு மாற்றமாகவே எடுத்துக்கொள்ளாது. ‘நவ்’, ‘ரேண்ட்’ மாதிரி ஒவ்வொரு முறையும் வேறு விடை தரும் ஃபங்ஷன்களை நம் ஃபங்ஷனுக்குள் கொடுக்க அனுமதியே இல்லை. அப்படிக் கொடுக்கவிட்டால் ஒவ்வொரு அசைவுக்கும் சர்வருக்கு ஓட வேண்டியிருக்கும்.

கேட்காமலே ஒரு அபிப்பிராயம் சொல்கிறேன். மஞ்சளைக் கணக்காக வைக்காதீர்கள். ‘பணம் கொடுத்தாச்சு’ என்று இன்னொரு செக்பாக்ஸ் வையுங்கள். ‘சம்இஃப்’ போட்டு டிக் உள்ளவற்றைக் கூட்டுங்கள், ஸ்கிரிப்ட்டே வேண்டாம். மஞ்சள் வேண்டும் என்றால் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் டிக் போட்ட வரி தானாக மஞ்சளாகட்டும். எங்கள் அலுவலகத்தில் பச்சை, இளம்பச்சை, ‘அந்தப் பழைய பச்சை’ என்று மூன்று பச்சைக்கு மூன்று அர்த்தம் வைத்திருந்த ஒருவர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் கோப்பை இன்றுவரை யாரும் திறப்பதில்லை.

(நிரலை இங்கே ஒட்டினால் தமிழ் எழுத்துகள் சிதைகின்றன, அதனால்தான் சொல்லாகவே எழுதினேன்.)

---

மண்டிக்கணக்கு எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. ஒரே சூத்திரமாக மாற்றினேன். 800 வரியும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிரம்பிவிட்டது. செக்பாக்ஸும் வைத்தாச்சு. முதலாளிக்கு மஞ்சள் தானாக வருவதுதான் பெரிய ஆச்சரியம், மீதி எதையும் அவர் கவனிக்கவில்லை.

இரண்டு புதுத் தகராறு. நேற்று எங்கள் பையன் ஒருவன் எம் நெடுவரிசையில் நடுவில் ஒரு கட்டத்தில் ‘ரொக்கம்’ என்று அடித்துவிட்டான். உடனே மொத்த நெடுவரிசையும் காலி, எம்2-இல் ரெஃப் பிழை. அடுத்தது, பெயர்வாரியாக வரிசைப்படுத்தினேன். சூத்திரம் எங்கேயோ நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு அதற்குக் கீழே உள்ள வரிகளை மட்டும், அதுவும் தப்பாக நிரப்புகிறது.

---

சதுரக்கட்டம் எழுதியது:

முதல் தகராறு எதிர்பார்த்ததுதான். பரவும் விடை யாருடைய எழுத்தையும் மிதிக்காது. வழியில் ஒரு கட்டத்தில் ஏதாவது இருந்தால் பரவவே மாட்டேன் என்று நின்றுவிடும். ‘ரொக்கம்’ என்பதை அழித்தால் எல்லாம் திரும்பி வரும். அந்த நெடுவரிசையை பாதுகாக்கப்பட்ட பகுதி ஆக்கிவிடுங்கள். குறிப்பு எழுத வேறு நெடுவரிசை கொடுங்கள், பையனைத் திட்டிப் பயனில்லை.

இரண்டாவதற்கு, சூத்திரத்தை எம்2-இல் வைக்காமல் தலைப்பு வரியில், எம்1-இல் வையுங்கள். நெளிவு அடைப்புக்குறிக்குள் முதலில் மேற்கோள் குறியில் எழுத்தால் என்ற தலைப்பு, அரைப்புள்ளி, அப்புறம் உங்கள் ஃபங்ஷன், எல்2-இலிருந்து நெடுவரிசை முடியும்வரை. தலைப்பையும் அதுவே எழுதும், கீழேயும் அதுவே நிரப்பும். முதல் வரியை ஃப்ரீஸ் செய்துவிட்டால் வரிசைப்படுத்தும்போது அது அசையாது. புது வரி சேர்த்தாலும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

---

பழையலோட்டஸ் எழுதியது:

இதையெல்லாம் படிக்கும்போது எக்ஸெலே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் முழுக்கச் சொல்ல முடியவில்லை, அதனால் இரண்டு பக்கமும் எழுதுகிறேன். ஹார்டுவேர் கடை பில்லுக்கு எக்ஸெலின் நிரல் மொழியான விபிஏவில் இதே ‘எழுத்தால்’ ஃபங்ஷன் வைத்திருக்கிறேன். அது நம் கணினியிலேயே ஓடுவதால் 800 வரி, 8,000 வரி எல்லாம் தூசு. ‘லோடிங்’ என்ற பேச்சே கிடையாது. ‘வாலடைல்’ என்று ஒரு வரி சேர்த்தால் ஷீட்டில் எது மாறினாலும் மறுபடி கணக்குப் போடும். (நிறம் மாற்றினால் மட்டும் அங்கேயும் போடாது. அக்கா சொன்னது சரி.)

தமிழில்தான் வில்லங்கம். விபிஏ எழுதும் ஜன்னலுக்கு யுனிகோடு தெரியாது. ‘ஐம்பது’ என்று ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறி விழும். வேறு சில மொழிக்காரர்கள் விண்டோஸில் மொழி அமைப்பை மாற்றித் தப்பித்துக்கொள்கிறார்கள். தமிழுக்கு விண்டோஸில் பழைய பாணி கோட்பேஜ் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பட்டியல்) கிடையாது, யுனிகோடு மட்டும்தான், ஆகவே அந்த வழியும் அடைப்பு. நான் 99 சொல்லையும் ஒரு தனி ஷீட்டில் கட்டங்களில் எழுதி வைத்து, ஃபங்ஷன் அங்கிருந்து எடுக்கும்படி செய்திருக்கிறேன். கட்டத்துக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், கோடுக்குத்தான் தெரியாது.

அடுத்தது அனுப்புவது. மேக்ரோ (விபிஏ நிரல்) உள்ள கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் ஆகச் சேமிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பி ஃபோனில் திறந்தால் விபிஏ ஓடாது. பிரவுசரில் திறக்கும் எக்ஸெலிலும் ஓடாது. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பில் உள்ள மேக்ரோவை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுத்து வைக்கிறது. கோப்பின் பண்புகளில் போய்த் தடையை நீக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? பிடிஎஃப் ஆக்கித்தான் அனுப்புகிறேன். ஒரு கணினி, ஒரு ஆள் என்றால் எக்ஸெல். நாலு பேர் நாலு ஃபோனில் பார்க்கிற மண்டிக்கு நீங்கள் இருக்கும் இடமே சரி.

வேடிக்கை என்னவென்றால், எக்ஸெலில் எண்ணை எழுத்தால் எழுதும் ஃபங்ஷன் ஒன்று ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது, ‘பாத்டெக்ஸ்ட்’ என்று. தாய்லாந்து நாணயத்துக்கு, தாய் மொழியில் மட்டும். நமக்கு ஏன் இல்லை என்று கேட்டு அலுத்துவிட்டது.

---

லாம்டாப்பித்து எழுதியது:

ஸ்கிரிப்ட்டே இல்லாமல் இதைச் செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லையே. 2022 ஆகஸ்ட்டில் கூகுள் ஷீட்ஸில் ‘லாம்டா’வும் ‘நேம்டு ஃபங்ஷன்ஸ்’ வசதியும் வந்தன. டேட்டா மெனுவில் இருக்கிறது. சாதாரண சூத்திரத்துக்கே பெயர் வைத்து, இன்ன உள்ளீடு என்று சொல்லி, நம் ஃபங்ஷனாக ஆக்கிக்கொள்ளலாம். ஷீட்டின் சொந்தக் கணக்காகவே நடப்பதால் சர்வருக்கு ஸ்கிரிப்ட் ஓட்டம் இல்லை, 30 விநாடி வரம்பு இல்லை, ‘நவ்’ கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

பழையலோட்டஸ் ஐயா சொன்ன மாதிரி ‘சொற்கள்’ என்று ஒரு ஷீட். ஒரு நெடுவரிசையில் 99 சொல், அடுத்ததில் அதே எண்ணின் ஆயிர வடிவம், அதற்கு அடுத்ததில் நூறுகள். மிச்சத்தோடு சேரும்போது வரும் ‘த்து’, ‘ற்று’ வடிவங்களையும் பக்கத்திலேயே எழுதிவிட்டால் சூத்திரத்துக்கு யோசனையே இல்லை. தொகையை ‘க்வோஷண்ட்’ (ஈவு), ‘மாட்’ (மீதி) வைத்து லட்சம், ஆயிரம், நூறு, மிச்சம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ‘இண்டெக்ஸ்’ போட்டு எடுத்துச் சேர்க்க வேண்டியதுதான். ‘லெட்’ பயன்படுத்தினால் அந்த நான்கு துண்டுக்கும் பெயர் வைத்துப் படிக்கிற மாதிரி எழுதலாம். 1,25,450 கொடுத்தால் ‘ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து நானூற்று ஐம்பது’. மொத்த நெடுவரிசைக்கும் ‘மேப்’.

குறையும் சொல்லிவிடுகிறேன். வேறு கோப்பில் வேண்டும் என்றால் இறக்குமதி செய்துகொள்ளலாம், ஆனால் அது நகல்தான். இங்கே திருத்தினால் அங்கே மாறாது. சூத்திரம் ரொம்பப் பெரிதாகி, வரிகளும் அதிகமானால் கணக்கு வரம்பு தாண்டிவிட்டது என்று நின்றுவிடும். இணையத்திலிருந்து எதையாவது எடுத்து வந்து அலச வேண்டும் என்றால் இதனால் ஆகாது, ஸ்கிரிப்ட்தான். எக்ஸெலிலும் லாம்டா உண்டு. மைக்ரோசாஃப்ட் 365-இல் கிடைக்கும், 2016, 2019 வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது.

---

சதுரக்கட்டம் எழுதியது:

லாம்டாப்பித்து சொன்ன வழி நல்ல வழி. ஆனாலும் நான் ஸ்கிரிப்ட் பக்கம்தான். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது, பிழை எந்த வரியில் என்று ஸ்கிரிப்ட் சொல்லும். நாலு அடுக்கு லாம்டாவில் ஒரு அடைப்புக்குறி போனால் மொத்தமும் போச்சு. ருசி பேதம், சண்டை வேண்டாம்.

சொற்களைத் தனி ஷீட்டில் வைப்பதை மட்டும் நான் ஆதரிக்கிறேன். ‘நாலாயிரம்’ வேண்டும், ‘நான்காயிரம்’ வேண்டாம் என்று உங்கள் முதலாளி நாளைக்கே சொல்வார். கோடைத் தொடாமல் கட்டத்தில் மாற்றிவிடலாம். ஆனால் ஸ்கிரிப்ட்டோடு இதைச் சேர்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஃபங்ஷனுக்கு உள்ளேயிருந்து ‘சொற்கள்’ ஷீட்டைப் படிக்கும்படி எழுதினால், படிக்கும், தடையில்லை. ஆனால் நீங்கள் சொல்லை மாற்றும்போது விடை மாறாது. மஞ்சளுக்கு நடந்த அதே கதை. சொற்பட்டியலையும் இரண்டாவது உள்ளீடாக வெளியிலிருந்தே கொடுங்கள். அப்போது ஒரு சொல் மாறினாலும் சீட்டு மாறிவிடுகிறது, எல்லாம் புதிதாகக் கணக்காகும்.

இன்னொரு விஷயம், பைசா. உங்கள் கமிஷன் சதவீதத்தில் வருவதால் பைசா நிச்சயம் வரும். ரூபாயை 100-ஆல் பெருக்கி, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டால் பைசா என்று எழுதியிருந்தால் உடனே மாற்றுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் 4.35-ஐ 100-ஆல் பெருக்கினால் 435 வராது; 434.99999999999994 வரும். வெட்டினால் 434. விவசாயிக்கு ஒரு பைசா குறையும், எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாது, அதைக் கண்டுபிடிக்கிற ஆள் நிச்சயம் ஒருவர் இருப்பார். பெருக்கியதும் ‘ரவுண்ட்’ செய்து முழு எண்ணாக்கி, அப்புறம் பிரியுங்கள். எளிய வழி, எல் நெடுவரிசையிலேயே முழு ரூபாய்க்கு ரவுண்ட் செய்து ‘மட்டும்’ போட்டு முடிப்பது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

---

மண்டிக்கணக்கு எழுதியது:

பைசா வேண்டாம் என்று முதலாளியே சொல்லிவிட்டார். சொற்களைத் தனி ஷீட்டுக்கு மாற்றிவிட்டேன், வெளியிலிருந்துதான் கொடுக்கிறேன். ‘நாலாயிரம்’ அன்றைக்கே கேட்டார், அக்கா.

கடைசியாக ஒன்று. பட்டியலின் கீழே ஒரு வாக்கியம் வரும்: இன்ன தேதியில் இன்னாருக்கு ரூபாய் இவ்வளவு என்று. அதற்கும் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். தேதிக் கட்டத்தில் 14 என்று இருக்கிறது, வாக்கியத்தில் 13 என்று வருகிறது. எல்லா வரியிலும் சரியாக ஒரு நாள் குறைவு. ஒன்று கூட்டிவிட்டால் முடிந்தது, ஆனால் ஏன் என்று தெரியாமல் கூட்டப் பயமாக இருக்கிறது.

---

சதுரக்கட்டம் எழுதியது:

கூட்டாதீர்கள். நேர மண்டலம். ஷீட்டுக்கு ஒன்று இருக்கிறது, ஸ்கிரிப்ட்டுக்குத் தனியாக ஒன்று இருக்கிறது, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தேதி மட்டும் உள்ள கட்டம் என்றால் அன்று நள்ளிரவு 12 மணி என்று பொருள். ஷீட் இந்திய நேரத்தில் இருந்து ஸ்கிரிப்ட் நியூயார்க் நேரத்தில் இருந்தால், நமக்கு 14-ஆம் தேதி நள்ளிரவு அங்கே 13-ஆம் தேதி பிற்பகல். ஃபங்ஷன் அந்த 13-ஐத்தான் எழுதுகிறது.

ஷீட்டில் ஃபைல் மெனு, செட்டிங்ஸ் போய்ப் பாருங்கள். ஸ்கிரிப்ட் எடிட்டரில் இடப்பக்கம் புராஜெக்ட் செட்டிங்ஸ் போய்ப் பாருங்கள். இரண்டையும் கொல்கத்தா, ஐந்தரை மணி என்று வையுங்கள். மாற்றிய பிறகும் பழைய தேதியே நின்றால் குழம்ப வேண்டாம், உள்ளீடு மாறாததால் பழைய விடையையே காட்டுகிறது. எம்1-இல் செய்த மாதிரி ஒரே சூத்திரமாகத்தானே வைத்திருக்கிறீர்கள்? அதை வெட்டி எடுத்து, கட்டம் காலியானதும் மறுபடி ஒட்டுங்கள்.

---

மண்டிக்கணக்கு எழுதியது:

ஸ்கிரிப்ட்டில் நியூயார்க்கேதான் இருந்தது. மாற்றி, வெட்டி ஒட்டினேன், 14 வந்துவிட்டது. இந்தக் கோப்பை நகலெடுத்துத்தான் முதலாளியின் தம்பி மண்டிக்கும் கொடுத்திருக்கிறேன். நகலோடு ஸ்கிரிப்ட்டும் போயிருக்கிறது, திருத்தம் போகாதே? அங்கேயும் தனியாகப் போய் மாற்ற வேண்டுமா?

---

சதுரக்கட்டம் எழுதியது:

ஆமாம், தனியாகத்தான். நகலெடுத்த நிமிடத்திலிருந்து அது வேறு ஸ்கிரிப்ட். நேர மண்டலத்தோடு ரவுண்டையும் அங்கே பார்த்துவிடுங்கள்.